சுண்ணாம்புக் கோடு

வாங்க. பழைய கார் சங்கத்துச் செக்ரட்டரிங்களா? போன வருசம் தொப்பி போட்ட ஒருத்தரு இருந்தாரே, அவரு எங்கீங்க? மாத்தியாச்சா? நல்லது. இப்ப என்னையும் மாத்தறதுக்குத்தான வந்திருக்கறீங்க. கையில கவர் வெச்சிருக்கறப்பவே தெரியுது. அது கையிலயே இருக்கட்டும், நீட்டாதீங்க. முதல்ல நான் பேசறேன், நீங்க கேளுங்க. அப்பறமா அதை வாங்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்.

உக்காருங்க. நின்னுக்கிட்டே சொல்லீட்டு ஓடீரலாம்னு பாக்காதீங்க. காப்பியெல்லாம் கெடையாது, போட்டுத் தர ஆளில்லை. வீட்டுக்காரி துளசிமணி அவ தம்பி வீட்டுல இருக்கறா. தம்பி வீடு எங்கன்னு நெனைக்கறீங்க? அதா, ரோட்டுக்கு அக்கட்டால, நீலக் கேட்டு. நாலு மாசமாச்சுங்க. பொழுதானா அங்கிருந்து ஒரு தூக்குப்போசியில சோறு வரும். அவதான் கொண்டாருவா. மேசை மேல வெச்சுட்டுப் போயிருவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. நானும் பேச மாட்டேன். சோத்தை மட்டும் திங்கறேன். சோத்து மேல எனக்கென்னங்க கோவம்?

சங்கத்துல என்ன பேசிக்கறீங்கன்னு எனக்கும் தகவல் வருது. வெள்ளியங்கிரிக்கு வயசாயிருச்சு, கை நடுங்குது, இனிமே பிரேக்கு வேலையெல்லாம் அவன் மச்சினன் நாச்சிமுத்து பாத்தாப் போதும், அப்படித்தான? எனக்கு ஐம்பத்தாறுங்க. இந்தா கை. நடுங்குதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

அடுத்த மாசம் கோத்தகிரி மலையில இருந்து கீழ எறங்கறீங்க. இருபத்தி மூணு வண்டி. அதுல பாதி என்னைவிட வயசானது. பதினெட்டு வருசமா அந்த மலை எறங்கற வண்டி ஒவ்வொண்ணுக்கும் பிரேக்கு சரின்னு கையெழுத்து போட்டவன் நான். மில்லு மொதலாளி, டாக்டரு, கலெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, எல்லாரும் என் கையெழுத்துக்காக இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கறாங்க. இப்ப அந்தக் கையெழுத்தைப் புடுங்கப் பாக்கறீங்க. குடுக்க மாட்டேன். நாச்சிமுத்து உங்க சங்கத்துக்கு முன்னால வந்து நிக்கோணும். பிரேக்கு சரியாத்தான் இருந்துது, நான் ஓட்டுனதுதான் தப்புன்னு அவன் வாயால சொல்லோணும். அவ்வளவுதானுங்க நான் கேக்கறது. அதைச் சொல்லாத வரைக்கும் அவன் நெழல்கூட இந்தப் பட்டறைக்குள்ள விழக்கூடாது.

நீங்க புதுசு. உங்களுக்கு என் சோதனையைப் பத்தித் தெரியாது. சொல்றேன்.

பட்டறைக்குப் பின்னால மூடிக் கெடக்கற மில்லுல நீளமா ஒரு சிமெண்ட் ரோடு இருக்குது. வேலை முடிஞ்ச வண்டியை அங்க கொண்டு போவோம். ஒரு கோடியில சுண்ணாம்புல கோடு போட்டு அது மேல நான் நிப்பேன். வண்டி அந்தக் கோடியில இருந்து நாப்பது ஸ்பீடுல வரும். எனக்கு அறுபது அடி இருக்கறப்ப பிரேக்கைப் புடிக்கோணும். எனக்கு முன்னால நிக்கோணும். இதுல விசேசம் என்னன்னா, நான் வண்டிக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பேன். கையில டீ கிளாஸ் இருக்கும். வண்டி நின்னதுக்கப்பறம் மீதி டீயைக் குடிச்சுட்டுத் திரும்பிப் பாப்பேன். பதினெட்டு வருசத்துல ஒருநாள் டீ தளும்புனதில்லைங்க. ஒரு தடவை ஒரு சாண் இடைவெளியில வந்து நின்னுது, வேட்டி சூடாச்சு. அப்பவும் நான் திரும்பலை.

எல்லாரும் போன்ல படம் எடுப்பாங்க. பிரேக் வெள்ளியங்கிரின்னு பேரு வந்ததே அதனாலதான். தான் பாத்த வேலை மேல தானே உசுரை வெக்கறவன் இந்த ஊர்ல வேற எவனாவது இருக்கறானா? சொல்லுங்க பாக்கலாம்.

வண்டியை ஓட்டறது எப்பவும் நாச்சிமுத்துதான். எனக்கு மச்சினன், பட்டறையில பாதிப் பங்கு. வேலையிலயும் பாதி அவன்து. பிரேக்குக் கொழாயில காத்தெடுக்கறதுன்னா ரெண்டு பேர் வேணும். ஒருத்தன் உள்ள உக்காந்து பெடலை மிதிச்சுப் புடிச்சுக்கோணும், இன்னொருத்தன் சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சு நிப்பிள்ங்கற ஓட்டைத் திருகைத் தெறக்கோணும். எண்ணெயோட காத்தும் கொப்புளம் கொப்புளமா வரும். கொப்புளம் நின்னா காத்துப் போயிருச்சுன்னு அர்த்தம். காத்து இருந்தா பெடல் பஞ்சாட்ட அமுங்கும், பிரேக்குப் புடிக்காது. மிதி, புடி, விடு. பதினெட்டு வருசம் எங்களுக்குள்ள இருந்த பேச்சு இந்த மூணு வார்த்தைதானுங்க. அதுக்கு மேல பேசறதுக்கும் ஒண்ணும் இருக்கலை. நல்லாத்தான் இருந்தோம்.

அப்பத்தான் அந்தக் கௌசிக் வந்தான். மில்காரரு பேரன். தாத்தாவோட முப்பத்தெட்டாம் வருசத்துக் காரை எடுத்து, கூரையை நாலு அங்குலம் அறுத்துக் கொறச்சு, வேற வண்டி எஞ்சினை உள்ள தூக்கி வெச்சு, பின் சக்கரத்தை எருமைக் கனத்துக்குப் போட்டு, கொண்டாந்து நிறுத்தறான். என்னடா இதுன்னா, ஹாட் ராடு அங்கிள்ங்கறான். எஞ்சினு பறக்குது, பிரேக்கு மட்டும் தாத்தா காலத்துது. காலை வெச்சா அடுத்த ஊர்ல நிக்கும். முன்னால டிஸ்க் பிரேக் போட்டுக் குடுங்கன்னான்.

போட்டேன். காலிபர்னு ஒண்ணு இருக்குது, தகட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கற இடுக்கி மாதிரி. வேற ஒரு வண்டியில கழட்டுனது, நல்ல சாமான். அந்த வண்டியில அது அச்சுக்கு முன்பக்கமா இருந்துதுங்க. இதுல முன்பக்கம் வெச்சா ஸ்டியரிங் கம்பி இடிக்குது. அதனால பின்பக்கமாக் கொண்டு போயி மாட்டுனேன். இடதை இடதுல, வலதை வலதுல. வேற எப்படீங்க மாட்டறது? நீங்க செருப்பைக் கால் மாத்திப் போடுவீங்களா?

நாச்சிமுத்து குனிஞ்சு பாத்தான். பாத்துட்டு, “மாமா, முன்னால இருந்ததைப் பின்னால திருப்பிட்டோம். நிப்பிள் கீழ பாத்துட்டு இருக்குது பாருங்க. காத்து மேல போயித் தங்கிக்கும், கீழ இருக்கற ஓட்டையில எப்படி வெளிய வரும்? ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டா நிப்பிள் மேல வந்துரும்”னான்.

கௌசிக் நிக்கறான், அவன் கூட்டாளிக ரெண்டு பேர் நிக்கறானுங்க. அவங்க முன்னால சொல்றான். எனக்கு எப்படி இருக்கும்? “இடதுன்னு வார்ப்புலயே எழுத்து அடிச்சிருக்குது, அது கண்ணுக்குத் தெரியுதா? இல்ல, செஞ்சவனுக்கும் நீதான் பாடம் எடுக்கப் போறயா?”ன்னேன். வாயை மூடிக்கிட்டான். அவன்கிட்ட அது ஒரு கெட்ட பழக்கம். கோவத்துல ரெண்டு வார்த்தை திருப்பிப் பேசுனா நானும் ரெண்டு பேசித் தீத்துக்குவேன். அவன் பேச மாட்டான். ‘சரிங்க மாமா’ம்பான். அந்தச் சரியைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

மூணு நாள் காத்தெடுத்தோமுங்க. மிதி, புடி, விடு. மிதி, புடி, விடு. பதினோரு பாட்டில் எண்ணெய். கொப்புளமும் வரலை, பெடலும் கெட்டியாகலை. எண்ணெய் சரியில்லைன்னு வேற மாத்துனேன். மாஸ்டர் சிலிண்டரை மாத்துனேன். கொழாய் பூராவும் புதுசாப் போட்டேன். ஊர்ல இப்ப வர்ற சாமான் எதுவுமே யோக்கியமா இல்லைங்க, அது வேற விசயம். கடைசில மூணாவது நாள் சாயங்காலம் ஒரு சங்கதி புரிஞ்சுது. பெடலை மூணு தடவை வெரசா மிதிச்சா, மூணாவது மிதிக்குக் கல்லாட்டம் நிக்குது. அப்பாடான்னு இருந்துச்சு. சரியாப் போச்சுன்னு சொல்லீட்டேன்.

“விட்டுட்டு மிதிச்சா மறுக்கா உள்ள போகுதே மாமா”ன்னான்.

“புது ரப்பர், பழகோணும். நாளைக்குக் காலையில சோதனை”ன்னேன்.

“ஹேண்ட் பிரேக்கு கேபிள் இன்னும் மாட்டலையே?”

“சோதனை காலுக்குத்தான், கைக்கில்லை”ன்னேன்.

பாத்தீங்களா, எத்தனை கேள்வி. பதினெட்டு வருசம் கேக்காத கேள்வியெல்லாம் அந்த ஒரே நாள்ல கேட்டான். அவனுக்கு அப்பவே மனசுல ஏதோ இருந்துருக்குதுங்க. தனியாப் பட்டறை போடோணும்னு இருந்திருக்கும். அக்கா புருசனை எறக்கி விட்டாத்தான தம்பி மேல ஏற முடியும்?

மறுநாள் காலையில கூட்டம். உங்க சங்கத்து ஆளுக ஏழெட்டுப் பேரு. கௌசிக் சட்டை மாத்திக்கிட்டு வந்து, தானே ஓட்டறேங்கறான். நான் சரின்னுட்டேன், அவன் வண்டிதான. நாச்சிமுத்து குறுக்க வந்தான். “வேண்டாம் தம்பி, நான் ஓட்டறேன்”னு சாவியைப் புடுங்காத கொறையா வாங்குனான். ஏன் வாங்கோணும்? அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் கேக்கறேன். அந்தப் பையன் ஓட்டியிருந்தா நேரா வந்து நின்னிருப்பான். அவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.

துளசிமணிதான் டீ கொண்டாந்தா. கிளாஸை என் கையில குடுத்துட்டு, அவ வழக்கமா வீட்டுக்குள்ள போயிருவா, அன்னைக்குப் போகலை. ஓரமா வேப்ப மரத்தடியில நின்னா. என்னடி, புதுசாப் பாக்கறேன்னேன். தம்பி நிக்கச் சொன்னான்னா. கேட்டுக்கிட்டீங்களா? அக்காளையும் சாட்சிக்கு நிறுத்தி வெச்சிருக்கறான். திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கறான்.

நான் கோட்டு மேல போயி நின்னேன். வண்டிக்கு முதுகைக் காட்டி. எஞ்சின் சத்தம் கேக்குது. கிட்ட வருது. ஒரு வாய் குடிச்சேன். சத்தம் இன்னும் கிட்ட வருது. அந்த எடத்துல சத்தம் கொறையோணுமுங்க, கொறையலை. படபடபடன்னு ஏதோ சத்தம், பெடலை அவசரமா மிதிக்கற மாதிரி. என் முதுகுல அனல் அடிச்சுது. துளசிமணி என் பேரைச் சொல்லிக் கத்துனா. கல்யாணமாகி முப்பது வருசத்துல என் பேரை அவ வாயில நான் கேட்டது அன்னைக்குத்தான். அப்பறம் எனக்கு இடது பக்கமா ஒரு காத்து, ஒரு சத்தம். மில்லு காம்பவுண்டு செவுரு இடிஞ்சு விழுந்துது.

திரும்பிப் பாத்தா வண்டி செவுத்துக்குள்ள நிக்குது. மூஞ்சி அப்பளமாட்ட நொறுங்கிப் போச்சு. இவன் ஸ்டியரிங்கு மேல கவுந்து கெடக்கறான். எல்லாரும் அவனைப் பாத்து ஓடறாங்க. ஒரு நாயாவது என்கிட்ட வந்து, ஐயா உனக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டுச்சா? எனக்கு ஒண்ணும் இல்லைதான். கேக்கோணுமில்லைங்களா? டீ மட்டும் கொட்டிப் போச்சு.

அவனுக்குத் தோள்பட்டை எலும்பு ஒடஞ்சுது, வலது மணிக்கட்டு நொறுங்குச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் அனுதாபம் தேடிக்கிட்டான். என்கிட்ட வந்து, “மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே”ன்னு கேக்கறான், ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு. பத்துப் பேர் முன்னால நல்லவன் வேசம். நான் கேட்டேன், “ஏன்டா செவுத்துல விட்டே? என் பிரேக்கு மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?” அக்காளைப் பாத்தான். அவ என்னைப் பாத்தா. அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு சீலையை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா.

வீடியோ இருக்குதாம். கௌசிக் கூட்டாளி எடுத்தது. அனுப்பறேன் பாருங்கன்னாங்க. நான் பாக்கலை. எதுக்குப் பாக்கோணும்? நான்தான அங்க நின்னவன்?

அப்பறம் இன்னொரு கதை கட்டி விட்டாங்க. வண்டியை நாச்சிமுத்து எதுத்த வீட்டுக் கொட்டாய்க்குக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனானாம், ஒத்தைக் கையில ரெண்டு காலிபரையும் கழட்டிப் பக்கம் மாத்திப் போட்டானாம், துளசிமணி பெடலை மிதிச்சாளாம், அரை மணி நேரத்துல பெடல் ஒரே மிதிக்குக் கல்லாட்டம் நின்னுதாம். நிக்காம என்னங்க பண்ணும்? மூணு நாள் பதினோரு பாட்டில் எண்ணெய் விட்டு அலசி வெச்சது யாரு? அதுக்கு மேல எவன் தொட்டாலும் நிக்கத்தான் செய்யும். துளசிமணி பெடல் மிதிச்சான்னு கேட்டதும்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. முப்பது வருசம் இந்தப் பட்டறைக்குள்ள எட்டிப் பாக்காதவ.

இப்பச் சொல்லுங்க. யார் பக்கம் தப்பு? படிச்சவங்க எல்லாம் இப்படித்தான், தலையை மட்டும் ஆட்டுவீங்க. சரி, உங்க கவரைக் குடுங்க. வெள்ளியங்கிரி, உன் கையெழுத்து இனி வேண்டாம், அதான? குடுங்க, குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்? இந்தா இருக்குது.

இது என்னங்க, சங்கத்துக் காயிதம் இல்லையே இது. கோடு போட்ட நோட்டுல கிழிச்சது. கையெழுத்து கோணலும் மாணலுமா, எறும்பு ஊர்ற மாதிரி.

‘பழைய கார் சங்கத் தலைவர் அவர்களுக்கு வணக்கம். மார்ச் மாதம் நடந்த சோதனையில் வண்டியின் பிரேக் சரியாகத்தான் இருந்தது. பெடலில் இருந்த என் கால் வழுக்கிவிட்டதால் வண்டி சுவரில் மோதியது. தவறு முழுவதும் என்னுடையது. ஆகவே மலை இறங்கும் வண்டிகளுக்கு எப்போதும் போல என் மாமா வெள்ளியங்கிரி அவர்களே கையெழுத்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, நாச்சிமுத்து.’

ஓ. எழுதீட்டானா. அப்படி வாங்க வழிக்கு. நாலு மாசம் கழிச்சாவது புத்தி வந்துதே. அப்ப என் கையெழுத்து என்கிட்டயே இருக்குது, இல்லீங்களா? அதைச் சொல்லத்தான் வந்தீங்களா? மொதல்லயே சொல்லியிருந்தா காப்பி வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பேனே.

என்னது? இன்னொரு விசயமா? சொல்லுங்க.

அவன் இந்த வருசம் ஓட்டக் கூடாதா? மலை எறங்கறப்ப முதல் வண்டியை அவன்தானுங்க ஓட்டுவான். பத்து வருசமா அவன்தான். பின்னால வர்ற அத்தனை வண்டியும் அவன் எப்பப் பிரேக்கு புடிக்கறான், எப்ப கியர் மாத்தறான்னு பாத்துத்தான எறங்கும். என்ன தீர்மானம்? கால் வழுக்கற ஆளை நம்பி வளைவுல வண்டி குடுக்க முடியாதா? யார் சொன்னது? தலைவரா? அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?

கால் வழுக்குச்சாம். அவனுக்கா? அவன் வெறுங்கால்ல ஓட்டறவன் சார். செருப்பைக் கழட்டி வெளிய வெச்சுட்டுத்தான் ஏறுவான். மழையில ஓட்டியிருக்கறான், எண்ணெய் சிந்துன தரையில இருந்து ஏறி ஓட்டியிருக்கறான், நூத்துநாலு காய்ச்சல்ல குன்னூர்ல இருந்து வண்டியைக் கீழ கொண்டாந்திருக்கறான், நான் பக்கத்துல உக்காந்து வந்தவன். ஒருநாள், ஒரே ஒருநாள் அந்தக் கால் வழுக்குனதில்லை. அந்தக் காலைப் பத்தி நீங்க தீர்மானம் போடறீங்களா?

கால் பெடல் மேலதான் இருந்துது. பெடல்தான் தரையோட போயி ஒட்டிக்கிச்சு! மொத மிதிக்குப் போகும், ரெண்டாவது மிதிக்கும் போகும், மூணாவதுக்குத்தான் நிக்கும். நாப்பது ஸ்பீடுல அறுபது அடிக்குள்ள மூணு தடவை மிதிக்க அவனுக்கு எங்கீங்க நேரம்? கையிலயும் பிரேக்கில்லை. முன்னால நான் மரமாட்ட நிக்கறேன், முதுகைக் காட்டிக்கிட்டு. வேற என்ன பண்ணுவான் அவன்? செவுத்துல விடாம?

என்ன பாக்கறீங்க? எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

ஆமா. சொல்லீட்டேன். போதுமா உங்களுக்கு?

எனக்குத் தெரியும் சார். செவுரு விழுந்த அன்னைக்கே தெரியும். அதுக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரிஞ்சிருக்கோணும். அவன் சொன்னது சரி. சரியாச் சொன்னானேங்கறதுதான் எனக்குப் பொறுக்கலை. அவனுக்குத் தெரிஞ்சிருந்துது பிரேக்கு நிக்காதுன்னு. நான் கேக்க மாட்டேன்னும் தெரியும். கௌசிக் கையில குடுத்தா என்னைக் கொன்னுருவான்னுதான் சாவியை வாங்கிட்டான். ஏறி உக்காரும்போதே செவுத்தைப் பாத்து வெச்சுட்டுத்தான் உக்காந்திருப்பான், எனக்குத் தெரியும் அவனை. இப்ப இந்த ஒடஞ்ச கையில இப்படி ஒரு பொய்யை எழுதியிருக்கறான், எனக்காக. சரிங்க மாமான்னு சொல்ற மாதிரியே எழுதியிருக்கறான், பாவி.

பேனா இருக்குதா? இதுக்குப் பின்னால நான் சொல்றதை எழுதுங்க. உங்க எழுத்துலயே எழுதுங்க, எனக்கு இப்ப எழுத வராது. கௌசிக் வண்டிப் பிரேக்குல காத்து இருந்துது. காலிபரை அப்படி மாட்டுனது வெள்ளியங்கிரி. தப்புன்னு நாச்சிமுத்து சொன்னான், வெள்ளியங்கிரி கேக்கலை. எழுதீட்டீங்களா? கேக்கலைன்னு போடுங்க, காதுல விழுகலைன்னு போடாதீங்க. எனக்குச் சலுகையெல்லாம் வேண்டாம். கால் வழுக்குனது பொய். அடியில ஒரு கோடு போட்டு எழுதுங்க அதை.

குடுங்க, கையெழுத்துப் போடறேன். இங்கயா? இந்தாங்க. உங்க சங்கத்துக்கு இதுக்கு மேல என் கையெழுத்து வராது. இனி எது இருந்தாலும் நீலக் கேட்டுக்குப் போயிக்கங்க. மலை எறங்கறப்ப முதல் வண்டியில அவன்தான் உக்காரோணும். வேற எவனையாவது உக்கார வெச்சீங்க, சங்கத்து வாசல்ல வந்து நின்னு மானத்தை வாங்கீருவேன், சொல்லீட்டேன்.

எந்திரிங்க. வந்த வேலை முடிஞ்சுதுல்ல. முதுகுல எல்லாம் தட்ட வேண்டாம், நான் ஒண்ணும் சின்னப் பையனில்லை. ரோட்டைத் தாண்டறப்ப அந்தப் பக்கம் பாக்காமப் போங்க. அவ சன்னல்லதான் நின்னுக்கிட்டு இருக்கறா. நான் அழுகறேன்னு அவகிட்டப் போயிச் சொல்லீராதீங்க.